உப்பை விளைவிப்பது வெயிலா, காற்றா?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரிக்குச் செல்வோர், மரக்காணத்தை நெருங்கும்போது, சதுரம் சதுரமாக வரப்பு கட்டிய பாத்திகளையும், அவற்றின் ஓரத்தில் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கும் உப்பு அம்பாரங்களையும் கண்டு, “இந்த வெயிலுக்கு உப்பு விளையாமல் வேறென்ன செய்யும்!” என்று சொல்லிக்கொண்டு போவது வழக்கம். வெயில் மிகுந்தால் உப்பு மிகும் என்னும் இந்த எண்ணம் பார்வைக்குச் சரியாகவே தோன்றும். வெயிலின்றி உப்பில்லை என்பதிலும் ஐயமில்லை. ஆயினும் வெயில் ஒன்றே உப்பை விளைவிப்பதாயின், அக்கினி நட்சத்திர நாட்களில் ஒரே அளவு வெயில் காயும் இரண்டு தினங்களில், ஒரு நாள் பாத்தியில் உப்பு மளமளவென்று கட்டுவதும் மறுநாள் மந்தித்து நிற்பதும் ஏன் என்னும் கேள்விக்கு விடை கிடைக்காது. அந்த விடையைத் தேடிப் போனால், மரக்காணத்துச் சீதோஷ்ணத்தின் போக்கு முழுவதும், அதற்கு உட்பட்டு நடக்கும் மக்களின் அன்றாட வாழ்வும் ஒரு சில எளிய பௌதிக விதிகளுக்குள் அடங்கியிருப்பதைக் காணலாம்.

மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த கடலோர ஊர். தமிழகத்தின் உப்பு விளைச்சலில் தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் அடுத்தபடியாக இதனையே சொல்வார்கள். மூவாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட உப்பளங்கள் இங்குள்ளன. கிழக்கே வங்காள விரிகுடா. மேற்கிலும் தென்மேற்கிலும், தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர்ப் பரப்புகளுள் ஒன்றாகிய கழுவேலி. அதனைக் கடலோடு சேர்க்கும் கழியும் முகத்துவாரமும். ஆந்திரக் கரையில் தொடங்கிச் சென்னை நகரை ஊடறுத்து இங்கே வந்து முடிகின்ற பக்கிங்காம் கால்வாய் – இவ்வாறு நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலம் இது. மழைக்காலத்தில் நன்னீர் நிறைந்து, கோடையில் உவர்ப்பேறி, குளிர்காலத்தில் தூர தேசத்துப் பறவைகளுக்கு இருப்பிடமாகும் கழுவேலி, 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-இல் ராம்சார் ஈரநிலங்களின் வரிசையிலும் இடம்பெற்றது. அதன் அண்டையிலே, கழியிலிருந்தோ நிலத்தடி உவரிலிருந்தோ எடுத்த நீரைப் பாத்திகளில் பாய்ச்சி, தை, மாசி தொடங்கிப் புரட்டாசி வரையில் உப்பு விளைவிக்கிறார்கள்.

விளைவிக்கிறார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அதன் பின்னுள்ள இரசாயனம் நுட்பமானது. கடல்நீர் 1 லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புப் பொருள்கள் கரைந்திருக்கின்றன. அவற்றுள் நாம் சோற்றில் இடும் சோடியம் குளோரைடு 27 கிராம் அளவே. மிகுதி மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் ஆகியவற்றின் உப்புகள். நீர் வற்ற வற்ற இவை அனைத்தும் ஒருங்கே படிவதில்லை. ஒவ்வொன்றும் தனக்குரிய முறை வரும்போதே வெளிப்படுகிறது. முதலில் சுண்ணாம்பும், பின்னர் ஜிப்சமும் அடியில் தங்கும். நூறு பங்கு நீரில் தொண்ணூறு பங்கு ஆவியாகிப் பத்துப் பங்கு நிற்கும் தறுவாயிலேதான் சமையலுப்பு கட்டத் தொடங்கும். அதற்கு மேலும் வற்றவிட்டால் கசப்பான மக்னீசிய உப்புகள் கலந்து சரக்கைக் கெடுத்துவிடும். எனவேதான் உப்பளத்தில் நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிக்கொண்டு வருகிறார்கள். 1768-இல் பிரெஞ்சு இரசாயன அறிஞர் அந்துவான் போமே அமைத்த மிதவைமானி இன்றும் உப்பளத்தாரின் கையில் இருக்கிறது. கடல்நீரில் 3 டிகிரி காட்டுகின்ற அக்கருவி, உப்பு கட்டும் பதத்தில் 25 டிகிரி காட்டும். 29, 30 என்று ஏறினால் எஞ்சிய கசப்பு நீரை வெளியேற்றிவிடவேண்டும்.

அந்த 25 டிகிரிப் பதத்தில், காற்றுச் சற்று ஓய்ந்திருக்கும் வேளையில், பாத்தியின் ஓரமாகக் குந்தி உட்கார்ந்து நீர்ப்பரப்பைக் கூர்ந்து பார்ப்பவர்களுக்கு ஒரு விந்தை தென்படும். முதலில் தூசி போல் ஏதோ மிதக்கும். சிறிது நேரத்தில் அது கடுகளவான சதுரத் தகடாகும். நீரின் மேல்தோல் அதனைத் தாங்கி நிற்க, நான்கு ஓரங்களிலும் மட்டும் உப்பு மேலும் மேலும் ஒட்டிக்கொள்ள, நடுப்பகுதி கனத்தால் தாழ்ந்துகொண்டே போய், தலைகீழாகக் கவிழ்த்த கோபுரத்தின் உருவில் உள்ளீடற்ற ஒரு படிகம் உருவாகும். ஒரு சிற்றலை எழுந்தால் அது நீர் புகுந்து மூழ்கித் தரையில் அமரும். அங்கே அது பருத்துப் பரல் உப்பாகிறது. இவ்வாறு மூழ்கியவை கோடிக்கணக்கில் சேர்ந்து படலமான பின்னரே பலகையால் வாரி வரப்பில் ஏற்றுகிறார்கள்.

நீர் ஆவியாவதற்கு வெப்பச் சக்தி வேண்டும். அதை அளிப்பது சூரியன். எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் திகைப்பு உண்டாகும். 1 டன் உப்புக்குக் குறைந்தது 37,000 லிட்டர் கடல்நீர் வேண்டும். கோடை உஷ்ணத்தில் 1 கிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 580 கலோரி செலவாகிறது. இக்கணக்கின்படி, சூரியனை விட்டு அடுப்பை நம்பிக் காய்ச்சுவதானால், 1 டன் உப்புக்கு 4 டன்னுக்கு மேல் நிலக்கரியை எரிக்க நேரும். கிலோ சில ரூபாய்க்குக் கடைத்தெருவில் வாங்கும் பண்டத்தில் இத்தனை சக்தி இலவசமாக இறங்கியிருக்கிறது.

ஆனால் வெப்பம் கிடைத்தது ஒன்றே போதாது. நீரிலிருந்து ஆவி எழும் அதே வேளையில், காற்றிலுள்ள ஆவி மீண்டும் நீரில் வந்து சேர்ந்துகொண்டும் இருக்கிறது; போவது வருவதைவிட மிகுதியாயிருந்தால்தான் பாத்தி வற்றும். வெறும் நீராயின், காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு நூறு ஆகும்வரையில், கொஞ்சமாகவேனும் வற்றிக்கொண்டிருக்கும். உப்புத் தெவிட்டிய நீரின் நிலை வேறு. அதிலுள்ள உப்பு அணுக்கள் நீரை இறுகப் பற்றியிருப்பதால், அந்நீரும் காற்றும் ஒரே உஷ்ணத்தில் இருக்கும்போது, ஈரப்பதம் 75 விழுக்காட்டை எட்டியதுமே ஆவியாதல் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் ஏறினால், பாத்தியானது காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சத் தொடங்குகிறது. பகலில் வெயில் பட்டுப் பாத்தியின் நீர் காற்றைவிடச் சூடேறி நிற்பதால் இந்த எல்லை சற்று நெகிழும். இரவிலோ, கடலோரக் காற்றின் ஈரப்பதம் எண்பது, தொண்ணூறு என்று ஏறும்போது, பகலெல்லாம் இழந்த நீரில் ஒரு சிறு பகுதியைப் பாத்தி திரும்பப் பெற்றுக்கொள்கிறது. அடுக்களையில் உப்புச் சாடி மழைக்காலத்தில் கசிவதும் இதே விதியால்தான். அதிலும் மக்னீசியம் குளோரைடு கலந்த மட்ட உப்பு, ஈரப்பதம் 33 விழுக்காட்டைத் தாண்டினாலே நீர்க்கத் தொடங்கும் அந்தப் பொருளின் சேர்க்கையால், இன்னும் விரைவில் கசியும். ஆக, உப்பை விளைவிப்பது சூரியன் தரும் வெப்பமும், அந்த வெப்பத்தால் எழுந்த ஆவியை ஏற்றுக்கொண்டு போகவல்ல வறண்ட காற்றும் ஆகிய இரண்டும் சேர்ந்தே; இவற்றுள் நாளுக்கு நாள், மணிக்கு மணி மாறுவது காற்று.

மரக்காணத்தின் வைகாசி, ஆனி நாளொன்றை எடுத்துக்கொள்வோம். விடியற்காலையில் நிலம் குளிர்ந்து, கடல் தன் வெம்மையை இழக்காதிருக்க, நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று வீசும். பாய்மரக் காலத்தில் கட்டுமரங்கள் இக்காற்றைப் பிடித்தே கரையை விட்டுச் சென்றன. பொழுது ஏறியதும் மேற்குத் தொடர்ச்சி மலையில் தன் ஈரத்தையெல்லாம் கொட்டிவிட்டுக் காய்ந்து வருகின்ற மேல்காற்று, உள்நாட்டு வெக்கையையும் சுமந்துகொண்டு கடற்கரைக்கு வந்து சேரும். நெற்றியில் அனல் அடிக்கும், உதடு உலரும், ஆனால் பாத்தியில் உப்பு கட்டுகின்ற பொன்னான வேளை அதுவே.

நண்பகலை ஒட்டி நிலைமை மாறும். நீரின் வெப்பக்கொள்ளளவு வறண்ட மண்ணினுடையதைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. அன்றியும், சூரிய கிரணங்கள் கடலில் ஆழமாக இறங்கிப் பரவ, அலைகள் அந்த வெப்பத்தைக் கலக்கிவிட, மணலிலோ அது மேற்பரப்பில் சில அங்குலங்களுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. ஆகவே மணல் காலை வைக்கவொண்ணாதபடி கொதிக்கும்போதும் கடல் 29, 30 டிகிரி செல்சியஸ் அளவிலேயே நிற்கிறது. நிலத்தின் மேலுள்ள காற்று சூடேறி விரிந்து எழ, அங்கே அழுத்தம் குறைய, அதனை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த, ஈரம் செறிந்த காற்று உள்ளே புகுகிறது. மேல்காற்று வலுத்திருக்கும் நாட்களில் கடற்காற்றால் எளிதில் கரையேற முடிவதில்லை. இரண்டும் கரையருகில் மல்லுக்கட்டி நிற்க, பிற்பகல் இரண்டு, மூன்று மணி வரையிலும் வெக்கை குறையாது. ஒரே அளவு வெயிலுள்ள இரு நாட்களில் உப்பு வேறுபடுவதன் இரகசியம் இங்கேதான் இருக்கிறது: கடற்காற்று முன்னதாக வந்துவிட்ட நாளில் வறண்ட காற்றின் வேளை சுருங்கிவிடுகிறது, தாமதித்த நாளில் அது நீள்கிறது.

ஊரார், கடற்காற்று வந்ததும், “அப்பாடா” என்று திண்ணையில் சாய்வார்கள். உஷ்ணமானியும் ஐந்தாறு டிகிரி இறங்கிவிட்டதைக் காட்டும். ஆனால் உப்பளத்தில் உழைப்பவரின் உடலுக்கு அதனால் உண்டாகும் நன்மை, உஷ்ணமானி காட்டும் அளவுக்கு இருப்பதில்லை. மனித உடல் உழைப்பினால் உண்டாகும் வெப்பத்தைப் பெரும்பாலும் வியர்வை வழியாகவே போக்கிக்கொள்கிறது. வியர்வை வழிந்து சொட்டினால் பயனில்லை, தோலின் மேல் ஆவியாகவேண்டும். பாத்தியிலுள்ள நீர் எந்த விதிக்கு உட்பட்டதோ அந்த விதிக்கே வியர்வையும் உட்பட்டது. இதனை அளக்க ஓர் எளிய கருவி உண்டு: உஷ்ணமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றில் வைத்தால், துணியின் நீர் ஆவியாகிக் குமிழைக் குளிர்விக்கும், அப்போது அது காட்டும் அளவு ஈரக்குமிழ் உஷ்ணம் எனப்படும். உதாரணமாக, 38 டிகிரி உஷ்ணமும் 35 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள மேல்காற்றில் அக்கருவி ஏறத்தாழ 25 டிகிரி காட்டும். 33 டிகிரி உஷ்ணமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள கடற்காற்றிலோ ஏறத்தாழ 29 டிகிரி காட்டும். சாதாரண உஷ்ணமானி 5 டிகிரி இறங்கியிருக்க, ஈரக்குமிழ் 4 டிகிரி ஏறியிருக்கிறது. நிழலில் சும்மா இருப்பவருக்கு இந்த வித்தியாசம் உறைப்பதில்லை. வெண்மையான உப்பிலிருந்து பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தில், கணுக்கால் வரை உவர்நீரில் நின்று, பலகையை இழுத்துக்கொண்டும் கூடையைச் சுமந்துகொண்டும் இருப்பவருக்கே உறைக்கும்.

இதனை ஊகமாக மட்டும் சொல்லவில்லை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் தமிழகத்து உப்பளத் தொழிலாளர்களைப் பரிசோதித்து, கடும் வெப்பத்தில் உழைப்பதற்கும் சிறுநீரகத்தின் செயல் குன்றுவதற்கும் உள்ள தொடர்பை 2023-இல் வெளியிட்டார்கள். வியர்த்துக் கொட்டி, அதற்கு ஈடாக நீர் பருகாமல், ஒதுங்க மறைவிடம் இல்லாமையால் பெண்கள் தாகத்தையே அடக்கிக்கொண்டு நாள்தோறும் உழைக்கும்போது, அந்தச் சுமை முழுவதும் சிறுநீரகத்தின் மேல் விழுகிறது. உப்பளத்து வேலையைக் கருக்கலிலேயே தொடங்கி வெயில் உச்சிக்கு ஏறுமுன் முடித்துவிடும் பழைய வழக்கம், கருவிகளில்லாத காலத்திலேயே அனுபவத்தால் கண்டறிந்த மருத்துவம் என்று சொல்லத் தகும்.

ஆடி, ஆவணியில் வானம் வேறு விதமாக விளையாடும். உள்ளே புகுந்த கடற்காற்றின் முன்முனை, திண்டிவனத்துப் பக்கமாகவோ அதற்கு அப்பாலோ மேல்காற்றை எதிர்த்து நிற்குமிடத்தில், இரண்டுக்கும் இடையே அகப்பட்ட ஈரக்காற்று மேலே தள்ளப்படுகிறது. உயர உயரக் குளிர்ந்து, அதிலுள்ள ஆவி நீர்த்திவலையாகிறது. ஆவியாகும்போது உட்கொண்ட வெப்பத்தை இப்போது வெளிவிட, அவ்வெப்பத்தால் காற்று மேலும் உயர, பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர் உயரத்துக்கு இடிமேகம் எழும்புகிறது. காலையில் பாத்தியை விட்டுச் சென்ற நீரின் வெப்பமும் அந்த இடிமேகத்தின் சக்தியில் ஒரு பங்காக இருக்கக்கூடும். இவ்வாறு உள்நாட்டில் பிறந்த மேகங்கள், மேலடுக்கில் வீசும் மேல்காற்றால் உந்தப்பட்டு, முன்னிரவில் கடற்கரையை நோக்கி வருகின்றன. சுற்றுப்புறத்துக் கொல்லைகளில் மணிலாவும் தர்பூசணியும் பயிரிட்டவர்கள் மேற்கே மின்னும்போது மகிழ, அதே மின்னலைக் கண்டு உப்பளத்தார் பலகையை எடுத்துக்கொண்டு ஓடுவது அவ்வூரில் புதிதன்று.

அந்த ஓட்டத்துக்குத் தக்க காரணம் உண்டு. ஒரு ஏக்கர் பரப்பில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் 40,000 லிட்டருக்கு மேல். 100 கிராம் நீரில் 36 கிராம் உப்பு கரையும். ஆகவே, அந்த மழைநீர் தெவிட்டும்வரையில் கரைக்குமானால், அரை மணி நேரத்து மழைதானே என்று நாம் நினைப்பது 14 டன் உப்பைக் கரைத்துக்கொண்டு போகும் வல்லமை உடையது. ஒரே ஓர் ஆறுதல், உப்புத் தெவிட்டிய நீர் நன்னீரைவிட ஐந்தில் ஒரு பங்கு கனமானது என்பது. அதனால் காற்று கலக்கிவிடாத வரையில் மழைநீர் மேலே தனி அடுக்காக மிதந்து நிற்கும். அதற்குள் மேல்நீரை மட்டும் வடித்துவிட்டால் அடியிலுள்ள உப்புத் தெவிட்டிய நீரை ஓரளவு காப்பாற்றலாம்.

ஐப்பசி பிறந்ததும் காற்று திசை மாறி, வடகிழக்கிலிருந்து கடலைக் கடந்து வரும். அதுவே இக்கரைக்குப் பெருமழைக்காலம். அந்நாட்களில் இரவின் பிற்பகுதியிலும் விடியலிலும் கடலோரத்தில் மழை வலுப்பதற்கு, நிலத்திலிருந்து எழும் இராக்காற்று கீழ்க்காற்றை எதிர்கொள்வதும் ஒரு காரணமாகும். உப்பளம் ஓய்ந்துவிடும், அம்பாரங்களைக் கீற்றாலும் தார்ப்பாயாலும் மூடிவிட்டு, தொழிலாளர் வேறு பிழைப்பைத் தேடவேண்டும். தமிழக அரசு மழைக்கால நிவாரணமாக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் வழங்கி வருவது இம்மாதங்களைக் கருதியே. புயல்கள் வருவதும் இப்பருவத்தில்தான். 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி, நிவர் புயல் புதுச்சேரிக்கு வடக்கே மரக்காணத்தை அடுத்துக் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று வந்த ஃபெஞ்சல், காற்றின் வேகத்தில் அதைவிட மெலிந்தது. ஆயினும் கரையேறிய பின் பல மணி நேரம் ஏறக்குறைய அசையாமல் நின்றுவிட்டமையால், புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டரும், மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டரும் மழையைக் கொட்டி, மரக்காணத்து உப்பளங்களை வெள்ளக்காடாக்கியது. புயலின் தீங்கை அதன் வேகம் மட்டும் நிர்ணயிப்பதில்லை. ஓரிடத்தில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதும் நிர்ணயிக்கிறது.

நுங்கம்பாக்கத்தில் 1792-இல் வானோக்கு நிலையம் அமைந்த காலந்தொட்டு வளர்ந்த சென்னை வானிலைத் துறை, இன்று ராடார்களைக்கொண்டு அடுத்த மூன்று மணி நேரத்துக்கான எச்சரிக்கையையும் வெளியிடுகிறது. புயலும் கனமழையும் வருமுன் அறிய இது பேருதவி. எனினும் “அதிகபட்ச வெப்பநிலை இத்தனை டிகிரி” என்று நாள்தோறும் ஒலிக்கும் அறிவிப்பு, உப்பளத்தாருக்குத் தேவையான செய்தியில் பாதியைத்தான் சொல்கிறது. மேல்காற்றின் வலு என்ன, கடற்காற்று எப்போது கரையேறும், ஈரப்பதம் எத்தனை என்பவையே எஞ்சிய பாதி. இவற்றை மரக்காணம் போன்ற ஊர்களுக்கென்று தனியே கணித்துக் கைப்பேசியில் அனுப்புவது இக்காலத்தில் அரிய காரியமன்று. அவ்வாறே, ஒவ்வோர் உப்பளத்திலும் ஈரக்குமிழ் உஷ்ணமானி ஒன்றை வைத்து, அது குறித்த அளவைத் தாண்டியதும் வேலையை நிறுத்தி, நிழலும் குடிநீரும் ஒதுங்குமிடமும் அளிப்பதைக் குத்தகைதாரர்களின் கடமையாக்குவதற்குப் பெரும்பொருள் செலவாகப் போவதில்லை. உப்பு விளையக் காற்றை அளந்து பார்ப்பது நியாயமானால், உப்பை வாருகின்ற மனிதர் உயிரோடும் நலத்தோடும் இருக்க அதே காற்றை அளந்து பார்ப்பது அதனினும் நியாயம். அரசும் உப்பள உரிமையாளரும் இதனை இந்தக் கோடைக்குள்ளேயே தொடங்கவேண்டும்.